சேலத்தில் பத்தரை, அங்கே ஏழு

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயது. சொந்த ஊர் சேலம் அம்மாபேட்டை. அப்பா நெசவாளி, இப்போது இல்லை. அம்மா தனியாக இருக்கிறார். சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒன்பது வருடம் கணிதம் நடத்தினேன். கடந்த ஆகஸ்ட்டில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் பின்லாந்தின் தம்பெரே நகரில் பல்கலைக்கழக வேலைக்கு வந்தேன். ஊரில் ஐந்து மணிக்கு எழுந்து, கோலம் போட்டு, சமைத்து, ஏழரை பஸ்ஸைப் பிடித்து எட்டே முக்காலுக்கு வகுப்பில் நிற்பேன். இங்கே வாரத்துக்கு நான்கே வகுப்புகள். அப்படியும் நாள் கைக்குள் நிற்பதில்லை. அக்டோபர் வரை பரவாயில்லை. இப்போது ஒன்பதரைக்கு எழுந்தாலும் இருட்டு, மூன்று மணிக்கு மறுபடியும் இருட்டு. சில நாள் நாலு மணிக்கே படுத்துவிடுகிறேன். சாப்பாட்டுக்கு நேரம் காலம் இல்லை. ராத்திரி பாடம் தயார் செய்துகொண்டே விழித்திருந்து, அம்மா நாலரைக்கு எழுந்து வாசல் தெளிக்கும்போது ஃபோனில் பேசிவிட்டுத்தான் படுப்பேன். அப்போது இங்கே இரவு ஒரு மணி. வகுப்பிலும் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. மூன்று தடவை அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன், எதுவும் மூன்று நாள் தாங்கவில்லை. "திட்ட ஆள் இல்லாமல் சோம்பேறி ஆகிவிட்டாய்" என்கிறார் அம்மா. விட்டமின் டி மாத்திரை போட்டால் சரியாகுமா? இல்லை, நான் நிஜமாகவே சோம்பேறிதானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சோம்பேறி இல்லை. சோம்பேறி ஒரு அட்டவணைகூட எழுத மாட்டார், நீங்கள் மூன்று எழுதியிருக்கிறீர்கள்.

ஊரில் உங்களுக்கு ஒழுங்கு இருந்தது உண்மை. ஆனால் அதை நீங்கள் ஒருவர் மட்டும் சுமக்கவில்லை. அம்மாபேட்டையில் ஐந்து மணிக்கு மேல் யாரால் தூங்க முடியும்? பால்காரர் வருவார், பக்கத்து வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்கும், மார்கழி என்றால் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் தறிச் சத்தம். ஆறரைக்கெல்லாம் ஜன்னலில் வெயில். ஏழரை பஸ் உங்களுக்காகக் காத்திருக்காது. வகுப்புக்குள் நுழைந்தால் அறுபது பிள்ளைகள் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்பார்கள். சாயங்காலம் ஐந்து ரோட்டில் இறங்கி ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டால், அத்தோடு கல்லூரி முடிந்து வீடு ஆரம்பித்துவிடும். இத்தனை பேர் சேர்ந்துதான் உங்கள் நாளை இழுத்துக்கொண்டு போனார்கள். விமானம் ஏறிய அன்று அத்தனை கையும் ஒரே சமயத்தில் விட்டுப் போனது. ஆகஸ்ட், செப்டம்பரில் அது உறைக்கவில்லை, ஏனென்றால் சூரியன் மட்டும் இன்னும் கூடவே இருந்தது. நவம்பரில் அதுவும் விலகியது.

எவ்வளவு விலகியது என்று கணக்காசிரியரான உங்களுக்கு எண்ணிலேயே சொல்கிறேன். சேலத்தில் வருடத்தின் மிகச் சிறிய பகல் சுமார் 11½ மணி நேரம். தம்பெரேயில் 5 மணி 20 நிமிடம். அன்று உச்சிப் பொழுதில் நம் ஊர் சூரியன் அடிவானத்திலிருந்து 55 பாகை உயரத்தில் நிற்கும். உங்களுக்கு அது 5 பாகைதான் ஏறும், ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்துபோகிற உயரம்.

நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. எப்போது தூக்கம், எப்போது பசி, எப்போது உடம்பு சூடாக வேண்டும் என்பதை அதுதான் நடத்துகிறது. பெரும்பாலானவர்களுக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம், சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடுதல். அந்தக் காலத்துச் சாவி கடிகாரம் தினமும் கொஞ்சம் பின்தங்குமே, அது மாதிரி. காலை வெளிச்சம் கண்ணில் படும்போது அந்தப் பாக்கி சரிசெய்யப்படுகிறது. சேலத்தில் வாசலுக்கு வந்து கோலம் போட்டதிலேயே உங்களுக்கு அது நடந்துவிட்டது. இப்போது காலையில் வெளிச்சம் கிடையாது, நள்ளிரவில் மடிக்கணினியும் ஃபோனும் முகத்துக்கு நேரே ஒளி அடிக்கின்றன. இரவு வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் பின்னால் தள்ளும். ஆகவே நீங்கள் ஒன்பதரைக்கு எழுவது உங்கள் குணத்தின் குறை இல்லை. உடம்பின் கணக்குப்படி உங்களுக்கு அப்போதுதான் விடிகிறது.

நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் வளர்ந்தவன், அப்பா அங்கே கணக்கு எழுதினார். கார்த்திகை, மார்கழியில் மலையில் மூட்டம் இறங்கினால் சில சமயம் நாலைந்து நாள் விலகாது. மணி எட்டா, பன்னிரண்டா என்று வானத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பழம் பறிக்கும் பருவமும் அதுதான். தோட்டத்து மணி அடித்தால் வேலை தொடங்கும், மறுபடி அடித்தால் சாப்பாடு. அந்த மணியின் மதிப்பு எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. 1990களில் மேல்பயிற்சிக்காக ஸ்காட்லாந்துக்குப் போனேன். முதல் குளிர்காலத்தில் இரவுப்பணி முடிந்து வந்து, திரையை மூடிப் பகலெல்லாம் தூங்குவேன். ஒருநாள் கண் விழித்தபோது மணி நாலரை, வெளியே கும்மிருட்டு. விடியற்காலை என்று நினைத்து மறுபடி படுத்துவிட்டேன். அது சாயங்காலம் நாலரை. ஆறு மணிக்கு நான் வார்டில் இருந்திருக்க வேண்டும். என் இடத்தில் இன்னொரு மருத்துவர் தன் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றது இன்றும் நினைவிருக்கிறது. அங்கிருந்த மூத்த செவிலியர் ஒருவர்தான் எனக்கு வழி சொன்னார். எழுகிற நேரம் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள், மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும் என்றார். அதையேதான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

உங்கள் அப்பா தறியில் உட்கார்ந்ததைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். நீளவாட்டு நூலான பாவு இறுக்கமாக நின்றால்தான் குறுக்கு நூலான ஊடை ஓடும். நீங்கள் ஒட்டிய அட்டவணைகளில் காலை முதல் இரவு வரை எல்லாவற்றுக்கும் நேரம் குறித்திருப்பீர்கள். பாவு கட்டாமல் ஊடை ஓட்டப் பார்த்ததால்தான் அவை மூன்று நாளில் அறுந்தன. எழும் நேரம்தான் உங்கள் பாவு. இப்போதைக்கு அது ஒன்று போதும், காலை ஏழு மணி.

அந்த ஏழு மணியைத் தாங்கிப் பிடிக்க உங்களிடம் ஏற்கெனவே ஒரு கை இருக்கிறது. உங்கள் அம்மா. குளிர்காலத்தில் உங்களுக்கும் சேலத்துக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அம்மாவின் நாலரை உங்களுக்கு இரவு ஒரு மணி. அந்தப் பேச்சு உங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிகிறது. வாசலில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டால் ஒரு நிமிடம் அம்மாபேட்டையில் நிற்கிற மாதிரி இருக்கும். அதை விடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உங்கள் நாள் முழுவதும் இப்போது அந்த ஒரு மணியில்தான் கட்டியிருக்கிறது. அதுவரை விழித்திருக்க வேண்டும் என்பதால்தான் பாடத்தயாரிப்பு அதுவரை இழுக்கிறது. பத்து மணிக்குச் சோறு வடிப்பதும் அதனால்தான் இருக்கும்.

அந்தக் கயிற்றை அவிழ்த்துக் காலையில் கட்டுங்கள். உங்களுக்குக் காலை ஏழு என்றால் அம்மாவுக்குப் பத்தரை. சமையல் முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு வீடு அமைதியாகும் நேரம். தனியாக இருக்கிற தாய்மார்கள் பலர் என்னிடம் சொல்வது, விடியற்காலை எப்படியோ வேலையில் போய்விடும், பத்து மணிக்கு மேல்தான் பொழுது நகராது என்பது. உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் போட்ட கோலத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், எழுந்ததும் முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் காப்பி போட்டுக்கொண்டு அம்மாவைக் கூப்பிடுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள். அதற்குப் பிறகு உங்கள் ஏழு அம்மாவுக்கு ஒன்பதரை.

ஆனால் நாளைக்கே அலாரத்தை ஏழுக்கு வைத்துவிடாதீர்கள். உங்கள் உடம்புக்கு இப்போது ஏழு மணி ஆழ்ந்த ராத்திரி. அந்த நேரத்தில் பலமான வெளிச்சம் பட்டால் கடிகாரம் முன்னே வருவதற்குப் பதில் இன்னும் பின்னே போகவும் கூடும். ஒன்பதில் தொடங்குங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னே கொண்டுவாருங்கள். இரண்டு வாரத்துக்குள் ஏழுக்கு வந்துவிடலாம். படுக்கும் நேரத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். எழுகிற நேரத்தைப் பிடித்தால் தூக்கம் தானாகப் பதினொன்றுக்கு நகர்ந்து வரும். நாலு மணித் தூக்கத்தை மட்டும் கண்டிப்பாக விட வேண்டும், இரவுக்கு வேண்டிய தூக்கத்தை அது எடுத்துக்கொள்கிறது. சனி, ஞாயிறும் அதே நேரம்தான், மிஞ்சிப் போனால் ஒரு மணி நேரம் தள்ளலாம்.

எழுந்த பிறகு வெளிச்சம் வேண்டும், வானத்தில் இல்லை. அதற்கு விளக்கு இருக்கிறது. வெயில் கொட்டும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நியூயார்க் போன நார்மன் ரோசென்தல் என்ற மனநல மருத்துவர், ஒவ்வொரு குளிர்காலத்திலும் தான் சோர்ந்துபோவதைக் கவனித்தார். 1984-ல் அவரும் அவருடைய குழுவினரும் பருவகால மனச்சோர்வு என்ற நிலையை விவரித்து, பிரகாசமான வெளிச்சமே அதற்கு மருந்தாகலாம் என்று எழுதினார்கள். இன்று அது உலகெங்கும் நடைமுறையில் உள்ள சிகிச்சை. 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) ஒளி தரும் விளக்கு என்று கேட்டு வாங்குங்கள், உங்கள் ஊர் மின்சாதனக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், அரை மணி நேரம், தயாரிப்பாளர் குறித்திருக்கும் தூரத்தில் மேசையின் ஒரு பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டியதில்லை, கண் திறந்திருந்தால் போதும். அம்மாவிடம் பேசுவதும் காப்பி குடிப்பதும் அதன் முன்னாலேயே நடக்கட்டும். விழித்திரையில் நோய் இருப்பவர்கள், இருமுனைக் கோளாறு (அளவுக்கு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) உள்ளவர்கள், தோலை ஒளிக்குக் கூசச் செய்யும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

உங்கள் ஊரைப் பற்றிப் படித்தபோது ஒன்று என் மனதைத் தொட்டது. தம்பெரேயும் நெசவு ஊர்தான். அங்கே ஃபின்லேசன் பஞ்சாலையின் நெசவுக் கூடத்தில் 1882-லேயே மின்விளக்கு எரிந்திருக்கிறது, ஐரோப்பாவில் மிக ஆரம்பத்தில் மின்விளக்கு எரிந்த இடங்களில் அதுவும் ஒன்று. குளிர்கால இருட்டில் தறி ஓட்ட அங்கிருந்த நெசவாளிகளுக்கும் விளக்கு தேவைப்பட்டது. ஒரு நெசவாளியின் மகள் அதே ஊரில் விளக்கின் முன் உட்காருவதில் குறையாக எண்ண எதுவும் இல்லை.

விளக்கு காலைக்கு. மத்தியானம் நீங்கள் வெளியே போயே ஆக வேண்டும். பதினொன்றரைக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருபது நிமிடமாவது நடங்கள். மேகம் மூடியிருக்கிறதே என்று உள்ளேயே இருந்துவிடாதீர்கள். வகுப்பறை வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ்தான் இருக்கும், மூடிய வானத்தின் கீழும் அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். தரையில் புதுப் பனி இருந்தால் அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அன்று இன்னும் நல்லது. செருப்படியில் மாட்டும் ஆணிப் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பனிக்கட்டியில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தால் கரும்பலகையில் எழுதும் கை ஆறு வாரம் போய்விடும். இருட்டில் ஒளிரும் பட்டையும் கோட்டில் தொங்கட்டும்.

விட்டமின் டி வேறு கணக்கு. அந்த அட்சரேகையில் குளிர்கால வெயில் தோலில் அதை உண்டாக்காது, நம் மாதிரி கறுத்த தோலுக்கு வெயில் இன்னும் அதிகமாக வேண்டும். மேலே சொன்ன விளக்கும் அதைத் தராது. எனவே தினம் 10 முதல் 20 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்துக்கொள்வது சரியே, எலும்புக்கும் தசைக்கும் வேண்டும். ஆனால் கலைந்த தூக்கத்தை அது சேர்த்து வைக்காது. அதை மட்டும் விழுங்கிவிட்டு மாற்றத்துக்குக் காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அங்கே பதினொன்று, பதினொன்றரைக்கே மத்தியானச் சாப்பாடு. நமக்கு அது விசித்திரமாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் உடன் வேலை செய்பவர்களோடு உணவகத்துக்குப் போய்ச் சூடாக ஒரு தட்டு சாப்பிடுங்கள். ருசியை விடுங்கள், பேசாவிட்டாலும் பரவாயில்லை. மணி அடித்தால் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்த எங்கள் தோட்டம் மாதிரிதான் அது, வயிற்றுக்கும் மனிதர்களுக்கும் ஒரு நேரம் கிடைக்கும். அப்படியே எழுந்து வெளியே நடந்துவிடலாம். ரசம் சாதம் சாயங்காலம் ஆறுக்கு. இருட்டுக் காலத்தில் மாவுப் பண்டமும் இனிப்பும் அதிகம் இழுக்கும், அதுவும் இந்தச் சோர்வின் ஒரு முகம்தான். காப்பி குடிப்பதில் பின்லாந்துக்காரர்கள் உலகின் முன்வரிசையில் இருப்பவர்கள், நாள் முழுக்க யாராவது நீட்டுவார்கள். இரண்டு மணிக்கு மேல் வாங்காதீர்கள். குடித்த ஐந்தாறு மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடம்பில் நிற்கும்.

பாடத்தயாரிப்பை ஒன்று முதல் நாலு வரை, அலுவலக அறையில் முடியுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது மடிக்கணினியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு நேராக வராதீர்கள், அதுதான் முக்கியம். ஐந்து ரோட்டுத் தட்டுவடைக் கடை செய்த வேலையை அங்கே ஏதாவது ஒன்று செய்ய வேண்டும். ஊர் நடுவே மெட்ஸோ நூலகம் இருக்கிறது. தினமும் அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு புத்தகத்தைப் பத்துப் பக்கம் படித்துவிட்டு எழுந்தால், வேலை அங்கேயே முடிந்துவிடும். வாரத்துக்கும் ஒரு கட்டு வேண்டும். அங்குள்ள அடுக்குமாடிகளில் பொதுவாக சவுனா என்ற வியர்வைக் குளியல் அறை இருக்கும், குடியிருப்பவர்கள் முறை வைத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை முறை கேட்டு வாங்குங்கள். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து வந்து குளியுங்கள். ஊரில் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு உங்கள் உடம்பு பழகியதுதானே.

வகுப்பில் பிள்ளைகள் பேசாததை நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அது உங்களை ரொம்பவே வருத்துகிறது என்று நினைக்கிறேன். ஒன்பது வருடம் அறுபது குரல் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த அமைதி நிராகரிப்பு மாதிரி இருக்கும். அங்கே அது அப்படி இல்லை. ஒருவர் பேசும்போது குறுக்கே வராமல் கேட்பது அவர்கள் தரும் மரியாதை. பத்து மணி வகுப்பு பத்தே காலுக்குத் தொடங்குகிற பழக்கம் அங்கே உண்டல்லவா, அந்தக் கால் மணி நேரத்தை உங்களுக்கு ஆக்கிக்கொள்ளுங்கள். முன்கூட்டியே போய் நில்லுங்கள், சீக்கிரம் வருகிற ஒருவரிடம் போன கணக்கு எங்கே சிக்கியது என்று கேளுங்கள். வகுப்பின் கடைசி மூன்று நிமிடம், புரியாததை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். குரலாக வராதது எழுத்தாக வரும். அடுத்த வகுப்புக்கான தயாரிப்பும் பாதி அதிலேயே முடிந்துவிடும், ராத்திரி ஒரு மணி வரை எதையும் ஊகிக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் மூன்று வாரம் செய்தும் மனம் எழவில்லை என்றால், அல்லது அதற்கு முன்பே, இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாக, எழுந்திருக்கவே முடியாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். வேலை தருபவர் ஊழியருக்குத் தொழில்சார் மருத்துவ வசதி தந்தே ஆக வேண்டும் என்பது பின்லாந்தில் சட்டம், தயங்காமல் பயன்படுத்துங்கள். தைராய்டு, இரும்புச்சத்து, பி12 எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள், இவற்றின் குறையும் இதே சோர்வைத் தரும். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அங்கே அவசர எண் 112.

பொங்கலன்று உங்கள் பகல் ஆறு மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். பிப்ரவரி முடிவில் பத்து மணி நேரம். அப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

இன்று இரவு அம்மாவிடம் பேசும்போதே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். நாளை முதல் காலையில்தான் கூப்பிடுவேன், முதல் மூன்று நாள் உங்களுக்கு மத்தியானம் பன்னிரண்டரை, அடுத்த மூன்று நாள் பன்னிரண்டு, அப்படியே பத்தரைக்கு வந்து நிற்கும் என்று விளக்கமாகச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் நாலரைக்கு எழுந்து, வாசல் தெளிக்காமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.